பட்டனில் இருக்கும் விரல்

மார்ச் 4

அக்கா,

நான் நலம். நீயும் அத்தானும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் இதற்குள் போன் வந்திருக்கும். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது, எதுவானாலும் கடிதத்தில் எழுது என்று நீதான் சொன்னாய். எழுதுகிறேன். தபால்காரருக்காவது நம்மால் வேலை இருக்கட்டும்.

எனக்கு ஒரு கண்ணாடி வேண்டும். நீ கண்ணாடிக் கடையில் இருக்கும்போது நான் ஏன் வெளியே போய் வாங்க வேண்டும்? விவரம்: இடது கண் ஒரு வாரமாக மங்கல். கண்ணை உருட்டினால் பின்பக்கம் யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல் வலி. நிறமும் சரியில்லை. வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால், லிஃப்ட் பேனலில் உள்ள சிவப்பு ஒயர் பல வருஷம் வெயிலில் கிடந்ததுபோல் வெளுத்துத் தெரிகிறது. என் வேலையில் ஒயரின் நிறம் தெரியாவிட்டால் மற்றது எதுவும் தெரிந்து பிரயோஜனமில்லை.

புதுக் கூட்டாளி, "தூசு விழுந்திருக்கும்டா, தண்ணி ஊத்திக் கழுவு" என்கிறார். அவர் எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்றச் சொல்கிறவர். பெயர் ரேடியோ. லிஃப்ட் ரிப்பேருக்கு நாங்கள் எப்போதும் இரண்டு பேர்: நான் கூண்டின் தலைமேல், அவர் அடிக்குழியில். குழிக்குள் இறங்கினால் ஏறி வரும்வரை பேச்சை நிறுத்த மாட்டார், அதனால் அந்தப் பெயர்.

என்ன பவர், எப்போது அனுப்புவாய் என்று மட்டும் எழுது. அறிவுரை சேர்க்காதே.

அவசரத்துடன்,
உன் திருப்புளி


மார்ச் 11

அருமைத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

கண்ணாடி அனுப்ப மாட்டேன். பவர் மாறினால் எழுத்து மங்கும், சிவப்பு வெளுக்காது. கண்ணை அசைத்தால் வலிக்காது. இதற்கு எங்கள் கடையில் லென்ஸ் கிடையாது. இந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேராகக் கண் டாக்டரிடம் போ. "லீவு கிடைக்காது" என்று ஆரம்பிக்காதே. நீ இல்லாத நாளில் மக்கள் படியேறிப் போவார்கள், உடம்புக்கு நல்லது.

அத்தான் உன்னைக் கேட்டார். உன் கண்ணைப் பற்றிச் சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "இன்னிக்கே போகச் சொல்லு" என்றார். அவர் சாப்பாட்டை நிறுத்துகிற ஆளா, நீயே யோசித்துப் பார்.

இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிய வேண்டுமென்று,
அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

நலமா? நான் நலம் என்று எழுதினால் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கண் டாக்டர் பார்த்துவிட்டு, "உங்க கண்ணுல கோளாறு இல்ல. கண்ணுல இருந்து மூளைக்குப் போற நரம்புலதான்" என்றார். அங்கிருந்து நரம்பு டாக்டர். எம்.ஆர்.ஐ. மிஷினுக்குள் அசையாமல் படுத்திருந்தேன். அது போடும் சத்தத்தைக் கேட்டால் பேரிங் போன மோட்டார் என்று எழுதிக்கொடுத்திருப்பேன். முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். தலைவலியோடு இரண்டு நாள் மல்லாந்து கிடந்தேன்.

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ். எம்.எஸ். என்று சொன்னால் போதும். நரம்பு என்பது ஒயர். அதன் மேல் ஒரு உறை, நம்முடைய இன்சுலேஷன் மாதிரி. என் உடம்பின் காவல்படையே அந்த உறையை எதிரி என்று நினைத்து அங்கங்கே சுரண்டியிருக்கிறது. சுரண்டிய இடத்தில் சிக்னல் தடுமாறுகிறது. ஸ்கேனில் வெள்ளைப் புள்ளிகள், சில பழசு, சில புதுசு. பழசு எப்போது வந்தது என்று எனக்கே தெரியாது. தொற்றாது. நாளைக்கே சாகமாட்டேன். முழுசாகப் போகவும் போகாது. வரும், தணியும், மறுபடி வரலாம். வருவதைக் குறைக்க வாரத்தில் மூன்று ஊசி, நானே தொடையில் போட்டுக்கொள்ள வேண்டும்.

கண் பெரும்பாலும் திரும்பிவிட்டது. ஒயர் மறுபடி சிவப்பு. கோளாறு என்னவென்று தெரிந்துவிட்டால் எனக்குப் பயம் போய்விடும், உனக்குத் தெரியும்.

அம்மாவிடம் நீயே சொல். நான் சொன்னால் அழுவாள். நீ சொன்னால் உன்னைத் திட்டுவாள், அது பரவாயில்லை.

உன் கண்ணாடிக்கு வேலை வைக்காத,
திருப்புளி


ஏப்ரல் 29

என் தம்பிக்கு,

நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். இரண்டாம் தடவை "பேரிங் போன மோட்டார்" வந்த இடத்தில் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக அழுதேன். மூன்றாம் தடவைதான் புரிந்தது. இப்போது நான் சௌக்கியம்.

அம்மாவிடம் சொன்னேன். நீ சொன்னபடியே என்னைத்தான் திட்டினாள், "சின்னப் பிள்ளையிலேயே அவனை வெயில்ல அலைய விட்டது நீதான்" என்று. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கி முடிப்பதற்குள் அவளுக்குப் பசி வந்துவிட்டது.

ஒரே ஒரு கேள்வி. மேலே நிற்கிற நீ பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை கூண்டு நகரும், விரலை எடுத்தால் நிற்கும் என்று ஒருமுறை எனக்கு விளக்கினாய். அந்தக் கூண்டுக்கு நேர் கீழே குழிக்குள் நிற்பவர் ரேடியோ. அவரிடம் உன் நோயைச் சொல்லிவிட்டாயா?

ஊசி போடும் நாளில் வெறும் வயிற்றோடு இருக்காதே.

எப்போதும் உன் பக்கம் நிற்கிற,
அக்கா


ஜூன் 15

அக்கா,

உடம்பு தேவலை. உன் முதுகுவலி எப்படி? கடையில் ஸ்டூலை மாற்றச் சொல்லு, அது மனுஷன் உட்காருகிற உயரமில்லை.

ஊசி ஒரு தொல்லை. போட்ட அன்று ராத்திரி காய்ச்சல் அடித்தாற்போல் உடம்பு நொறுங்குகிறது, காலையில் ஒன்றுமே நடக்காததுபோல் வேலைக்குப் போகிறேன். குனிந்தால் சில நாள் கழுத்திலிருந்து இடுப்புவரை சுளீரென்று கரண்ட் இறங்குகிறது. நரம்பு டாக்டரம்மாவிடம் "எங்கேயோ எர்த் லீக் ஆகுது" என்றேன். சிரித்துவிட்டு, இதுவும் இந்த நோயில் உண்டு என்றார். வெந்நீரில் குளித்தால் கண் மங்குகிறது, ஆறியதும் தெளிகிறது. சூட்டில் வருவது புதுத் தாக்குதல் இல்லையாம். பச்சைத் தண்ணீருக்கு மாறிவிட்டேன். ரேடியோவுக்குத் தெரிந்தால் சந்தோஷப்படுவார்.

எனக்கு இடிக்கிற விஷயம் இதுதான்: இந்த ஊசி வேலை செய்கிறதா என்று அளக்க ஒரு மீட்டர் கிடையாது. "எப்படித் தெரியும்?" என்று கேட்டால், "ஒண்ணும் நடக்காம இருந்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்கிறார். ஒன்றும் நடக்காததை எப்படி அளப்பது?

மற்றபடி வேலை மும்முரம். ஒரு பழைய கட்டடத்தில் நான்கு லிஃப்டையும் பிரித்து மாட்டுகிறோம்.

எண்ணெய்க் கையோடு,
திருப்புளி


ஜூன் 24

தம்பி,

சௌக்கியமா? நான் சௌக்கியம், ஸ்டூலை மாற்றிவிட்டார்கள். நான் கேட்காத எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறாய். கேட்ட ஒன்றுக்கு இல்லை. ரேடியோவிடம் சொன்னாயா?

பதிலுக்குக் காத்திருக்கிற,
அக்கா


செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கள் அனைவரின் நலமறிய ஆவல். இங்கு நான் மிக்க நலம். பதில் எழுதத் தாமதமானதற்கு வருந்துகிறேன். வேலை அதிகம். உடல்நிலை முன்பைவிட மிகவும் நன்றாக உள்ளது. காய்ச்சல், அசதி எதுவும் இல்லை. மருந்து பற்றிக் கவலைப்பட வேண்டாம். அத்தானுக்கு என் வணக்கத்தைத் தெரிவிக்கவும். அம்மாவின் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளவும்.

அன்புடன்,
தம்பி


செப்டம்பர் 9

டேய்,

என் சௌக்கியத்தைத் தொட்டுப் பார்க்கக்கூட நேரமில்லை. "தங்கள் அனைவரின்" யாரடா? பிறந்ததிலிருந்து நீ என்னிடம் எதற்காவது வருந்தியிருக்கிறாயா? அத்தான் படித்துவிட்டு, "பாங்க்குல இருந்து வந்த மாதிரி இருக்கே" என்கிறார். நீ மரியாதையாக எழுதினால் எதையோ மூடுகிறாய் என்று அர்த்தம்.

காய்ச்சலும் அசதியும் இல்லை என்கிறாய். அவை ஊசியால் வந்தவை. ஊசி இல்லாவிட்டால் அவையும் இருக்காது.

நேராகக் கேட்கிறேன். ஊசி போடுகிறாயா? ரேடியோவிடம் சொன்னாயா? நீளமாக எழுத வேண்டாம். ஆம், இல்லை, அவ்வளவுதான்.

கோபம் குறையாத,
அக்கா


அக்டோபர் 18

அன்புள்ள தங்கச்சிக்கு,

ரேடியோ எழுதுவது. பயப்படாதீர்கள். உங்கள் தம்பி என் எதிரில் கட்டிலில் உட்கார்ந்து என்னை அதட்டிக்கொண்டிருக்கிறான். அவன் வலது கையில் பேனா நிற்கவில்லை, அதனால் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். இடம் ஆஸ்பத்திரி, ஜன்னலோரக் கட்டில், இடது கையில் ஸ்டீராய்டு டிரிப். இனி அவன் பேச்சு.

அக்கா, நலமா? நான் நலம். (இல்லை.) நடுவில் எதையும் சேர்க்கக்கூடாது என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன். (சொன்னான்.) வலது கையில் மரப்பு. நெஞ்சைச் சுற்றிப் பெல்ட்டை இறுக்கிக் கட்டியதுபோல் ஒரு பிடிப்பு. கழுத்துத் தண்டுவடத்தில் புதுப் புள்ளி. மூன்று நாள் டிரிப் போட்டால் தணியும் என்கிறார் டாக்டரம்மா. ஸ்டீராய்டு போட்டதிலிருந்து தூக்கமே இல்லை, பசி மட்டும் பயங்கரம். (என் சாப்பாட்டையும் தின்றுவிட்டான்.) வேலையில் ஒரு சின்னத் தடங்கல், அதைப் பிறகு எழுதுகிறேன்.

தங்கச்சி, அவனை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். அந்தச் சின்னத் தடங்கல் என்னவென்று நான் எழுதுகிறேன்.

நான் குழியில் நின்றிருந்தேன். அவன் மேலே பட்டனை அழுத்திக் கூண்டைக் கீழே கொண்டுவந்தான். என் தலைக்கு மேல் வேண்டிய உயரத்துக்குக் கூண்டு வந்ததும், "நிறுத்து" என்றேன். நிற்கவில்லை. மறுபடி கத்தினேன். கை நீட்டித் தொடுகிற தூரத்துக்கு வந்துவிட்டது. குழிக்குள் எங்களுக்கென்று ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருக்கும், அதை அடித்தேன். நின்றது.

மேலேயிருந்து அவன் குரல்: "அண்ணே, என் விரல் பட்டன்ல இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியல அண்ணே."

மேலே போய்ப் பார்த்தால், தன் கையையே வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். விரலை எடுத்துவிட்டதாகவே நினைத்திருக்கிறான். கண்ணால் பார்த்த பிறகுதான் எடுத்திருக்கிறான். மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். மார்ச்சில் வந்த நோய், ஊசி, அதை ஜூலையில் நிறுத்தியது. "ஒரு பார்ட் வேலை செய்யுதான்னு தெரியணும்னா கழட்டிப் பார்க்கறதுதானே அண்ணே நம்ம வழக்கம். கழட்டினேன், ஒண்ணும் ஆகல. அப்ப வேண்டாத பார்ட்டுன்னு நினைச்சேன்" என்றான். அறையலாம் என்று கையை ஓங்கினேன். பாவம், அந்த முகத்தில் எங்கே அறைவது?

நோய் வந்ததற்கு எனக்குக் கோபமில்லை. குழியில் நிற்கிறவன் நான். எனக்குத் தெரியாமல் இருந்ததே, அதற்குத்தான். ஆபீசில் நானே போய்ச் சொல்லிவிட்டேன். அவன் மேலே நின்றால் இனி நான் கீழே இறங்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். பின்னால் வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டாம்.

வந்துகொண்டிருக்கிறான். சக்கர நாற்காலியை எப்படித் தள்ளுவது என்று தள்ளுகிறவருக்கே பாடம் எடுக்கிறான். உடம்பு தேறிவிடும்.

தங்கள் குடும்ப நலம் நாடும்,
ரேடியோ


அக்டோபர் 23

ரேடியோ அண்ணாவுக்கு,

நாங்கள் சௌக்கியம். நீங்கள் முழு ஆளாக இருக்கிறீர்கள் என்பதுதான் இந்த வாரம் எனக்குக் கிடைத்த பெரிய நல்ல செய்தி. கூண்டு நின்ற இடத்தைப் படித்தபோது கடையில் கையிலிருந்த ஃபிரேமை ஒடித்துவிட்டேன். என் தம்பியோடு இனி இறங்க மாட்டேன் என்றீர்கள். அது சரி. அவனுக்காக உங்களிடம் நான் பரிந்து பேச மாட்டேன். பேச வேண்டியவன் அவன்.

தம்பிக்கு: சனிக்கிழமை வருகிறேன். வரட்டுமா என்று கேட்கவில்லை.

வணக்கத்துடன் அண்ணாவுக்கும், வேறொன்றுடன் தம்பிக்கும்,
அக்கா


டிசம்பர் 12

அக்கா,

நீ ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகிவிட்டது, நலமாக இருப்பாய். நான் தேறி வருகிறேன். எழுத்துக் கோணலாக இருக்கிறதே என்று கேட்காதே, என் கையால் எழுதியது, அதுவே பெரிசு. நீ இருந்த பத்து நாளும் திட்டியதில் பாதி ஆஸ்பத்திரி ஆயாக்களுக்கே மனப்பாடம். நேற்று டாக்டரம்மாவைப் பார்க்கப் போனபோது ஒருத்தர் என்னைப் பார்த்து, "கழட்டிப் பார்க்கிற தம்பிதானே?" என்றார்.

டாக்டரம்மா மருந்தை மாற்றிவிட்டார். இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை நரம்பில் டிரிப். நான் என் வழக்கத்தை அவரிடமும் விளக்கினேன். "லிஃப்ட்ல கயிறு அறுந்தா பிடிச்சுக்கிற ஒரு சாதனம் இருக்காமே. அது வேலை செய்யுதான்னு பார்க்க கயித்தை அறுப்பீங்களா?" என்றார். "கயித்தை அறுக்க வேண்டாம் டாக்டர், அதுக்கு வேற சோதனை இருக்கு, முதல்ல வேகத்தைக் கட்டுப்படுத்துற கவர்னரை..." என்று ஆரம்பித்தேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். சொல்லி முடித்ததும், "எங்களுக்கும் சோதனை இருக்கு. வருஷா வருஷம் ஸ்கேன். அதை நான் பார்த்துக்கறேன், நீங்க மருந்தைக் கழட்டாதீங்க" என்றார். வருஷக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும் அந்தச் சாதனத்தை நான் ஒருநாளும் வேண்டாத பார்ட் என்று கழற்றியதில்லை.

இப்போது பட்டறையில் மேசை வேலை, பழுதான லிஃப்ட் சர்க்யூட் போர்டுகள் பார்க்கிறேன். விரலில் உணர்ச்சி முக்கால்வாசி வந்துவிட்டது. கம்பெனி டாக்டர் சோதித்துவிட்டு, ஜனவரியில் திரும்பப் போகலாம், ஆனால் கூட வேலை செய்கிறவருக்குச் சம்மதம் இருந்தால்தான் என்று எழுதிவிட்டார். ஆபீசில் வேறு கூட்டாளி பார்த்துக்கொள் என்கிறார்கள். அக்கா, எனக்கு ரேடியோவோடுதான் போக வேண்டும். அவர் என்னிடம் பேசுவதில்லை. பட்டறைக்கு வருகிறார், போர்டை வைக்கிறார், போய்விடுகிறார். அந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டு போவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

நாளைக்குக் கேட்கப் போகிறேன். சாக்கு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

நேராக நிற்கிற,
திருப்புளி


பிப்ரவரி 20

அக்கா,

நான் நலம். இந்தத் தடவை முழு உண்மை. அம்மாவின் மூட்டு எப்படி?

ரேடியோவிடம் கேட்டேன் என்று போனில் சொன்னேன், என்ன நடந்தது என்று சொல்வதற்குள் வழக்கம்போல் நமக்குச் சண்டை வந்துவிட்டது. இதோ.

"அண்ணே, மறைச்சது தப்பு. மறுபடி உங்க கூட வரணும்" என்றேன். கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்து வைத்தார். பிறகு, "குழிக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி தினமும் கேட்பேன். கண்ணு, கையி, காலு. நீ சரின்னா இறங்குவேன். வேண்டாம்னா ஏன்னு கேட்க மாட்டேன். ஆனா நீ ஒரு நாள் பொய் சொன்னேன்னு வை, அதோட முடிஞ்சுது" என்றார். சரி என்றேன்.

ஜனவரி முழுக்கத் தினமும் கேட்டார். தினமும் "சரி" என்றேன், தினமும் அது உண்மை. மறுபடி குழிக்குள் ரேடியோ ஓட ஆரம்பித்தது.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய அலுவலகக் கட்டடம். ஒரு லிஃப்ட் நின்றுவிட்டது. மானேஜர் வாசலிலேயே வாட்சைப் பார்த்தபடி நிற்கிறார். காலையில் மேல்மாடி மோட்டார் அறையில் அடுப்பில் நிற்பதுபோல் சூடு, அங்கேயே அதிக நேரம் நின்றுவிட்டேன். இறங்கி வரும்போது வலது கை விரல்களுக்கு உறை போட்டதுபோல் இருந்தது. சூட்டில் வருவதுதான், ஆறினால் போய்விடும், புதுத் தாக்குதல் இல்லை. எனக்கு நன்றாகவே தெரியும். அரை மணியில் சரியாகிவிடும் என்றும் தெரியும்.

ரேடியோ ஒரு காலைக் குழி ஏணியில் வைத்தபடி கேட்டார்: "கண்ணு?"

"சரி."

"கையி?"

அக்கா, "சரி" என்கிற சொல் வாய்வரை வந்துவிட்டது. மானேஜர் என்னையே பார்க்கிறார். வெளியே வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள்.

"இன்னைக்கு வேண்டாம் அண்ணே" என்றேன்.

ரேடியோ ஏணியிலிருந்து காலை எடுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்கவில்லை. "அப்போ குழி வேலை நாளைக்கு. பக்கத்து லிஃப்ட்ல கதவு உரசுது, அதைப் பார்ப்போம்" என்று பையைத் தூக்கினார்.

மானேஜர் விடவில்லை. "என்னங்க, ரெண்டு பேர் வந்தும் ஆள் பத்தலையா?"

"ஆள் சரியாத்தான் சார் இருக்கு" என்றார் ரேடியோ. "அதனாலதான் நாளைக்கு."

அந்த லிஃப்ட் ஒருநாள் பூராவும் நின்றே கிடந்தது. மானேஜர் ஆபீசுக்குப் போன் செய்து புகார் சொன்னார். மறுநாள் காலை மோட்டார் அறைக்கு ரேடியோ மட்டும் போனார், நான் கீழே மின்விசிறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வந்தார், ஏணியில் கால் வைத்தார், கேட்டார். மூன்றுக்கும் சரி என்றேன். இறங்கினார். மதியத்துக்குள் லிஃப்ட் ஓடிவிட்டது.

முதல் டிரிப் ஜனவரியில் போட்டாயிற்று, அடுத்தது ஜூலையில். போட்டுக்கொள்வேன். இந்த நோய் என்னோடு இருக்கப் போகிறது, நானும் கூண்டின் தலைமேல் நிற்கப் போகிறேன். எந்த நாளில் நிற்கலாம், எந்த நாளில் கூடாது என்பதை இனி நான்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அது இப்போது எனக்குக் கைவருகிறது. நாளைக் காலை ரேடியோ கேட்பார். நாளைக் காலை என் கை எப்படி இருக்கிறதோ அதைச் சொல்வேன்.

இப்போதைக்கு எல்லாம் சரி என்று சொல்லி முடிக்கிற,
உன் திருப்புளி